தாயைப் போலப் பிள்ளையா?

(நமது சங்கத்தின் மாணவர் வட்டத்திலே நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



“தாயைப் போலப் பிள்ளை, நூலைப் போலச் சேலை” என்பது நம் வீடுகளில் வழங்கும் பழமொழி. பிள்ளை சோதனையில் நன்றாகச் சித்தியெய்தினால் இப்பழமொழி எவர் நினைவுக்கும் வருவதில்லை. பிள்ளையிடத்தில் ஒரு குறை காணப்பட்டால் மாத்திரம் உடனே நாவுக்கு வந்துவிடுகின்றது. அப்போது அது பழமொழியாக நில்லாது தீர்ப்பாகிவிடுகின்றது. தீர்ப்புக்கு உள்ளாகின்றவள் தாய்.

அத்தீர்ப்பு நியாயமானதுதானா? இதனை ஆராய உங்கள் பாடப்புத்தகத்திலே ஓர் அதிகாரம் உண்டு. மெண்டலின் பட்டாணி, மூன்றுக்கு ஒன்று என்ற விகிதம், சதுரக் கட்டங்கள் ஆகியவற்றைச் சோதனைக்காக நீங்கள் மனனஞ் செய்கின்றீர்கள். சோதனை முடிந்ததும் மறந்தும் விடுகின்றீர்கள். அந்த அதிகாரம் பட்டாணியைப் பற்றியது மாத்திரம் அன்று, நம் வீட்டு முற்றத்தில் அழுதுகொண்டிருக்கும் ஒரு தாயைப் பற்றியதும் ஆகும் என்பதைக் காட்டுவதே இன்றைய பேச்சின் நோக்கம்.

முதலில் பட்டாணியைப் பார்ப்போம்.

இன்று செக் குடியரசிலுள்ள புர்னோ நகரின் மடமொன்றிலே கிறெகோர் மெண்டல் என்னும் துறவி வாழ்ந்தார். மடத்துத் தோட்டத்தில் 1856 ஆம் ஆண்டு தொடக்கம் 1863 வரை பட்டாணிச் செடிகளை வளர்த்துக் கலப்புச் செய்தார். அவருக்கு முன்னும் பலர் செடிகளைக் கலந்து பார்த்ததுண்டு. ஆனால் ஒவ்வோர் இயல்பையும் தனித்தனியே எடுத்து, ஒவ்வொரு சந்ததியிலும் இத்தனைக்கு இத்தனை என்று பொறுமையோடு எண்ணிக் கணக்கெழுதியதே அவருடைய பெருமை.

உருண்டை வித்துத் தரும் தூய செடியையும் திரங்கிய வித்துத் தரும் தூய செடியையும் அவர் கலந்தார். முதற் சந்ததியில் வந்த வித்துகள் அனைத்தும் உருண்டையாகவே இருந்தன. திரங்கல் என்னும் இயல்பு முற்றாக அழிந்துவிட்டதுபோலத் தோன்றிற்று. அவ்வித்துகளை முளைக்கவைத்துத் தம்முள்ளேயே மகரந்தச் சேர்க்கை நிகழவிட்டார். இரண்டாஞ் சந்ததியிலே 7,324 வித்துகள் கிடைத்தன. அவற்றுள் 5,474 உருண்டை, 1,850 திரங்கியவை. ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்று. அழிந்ததென்று எண்ணிய இயல்பு சிறிதும் மாறாமல் மீண்டுவிட்டது.

இதிலிருந்து மெண்டல் ஊகித்தது யாது? ஒவ்வோர் இயல்புக்கும் செடியினுள்ளே இரண்டு காரணிகள் உள. ஒன்று தந்தைவழி வந்தது, மற்றையது தாய்வழி வந்தது. இவற்றை இன்று பரம்பரையலகுகள் என்கிறோம். உருண்டைக் காரணியை “உ” என்றும் திரங்கற் காரணியை “த” என்றும் குறித்துக்கொள்வோம். முதற் சந்ததிச் செடி “உத”. அதன் வித்து கண்ணுக்கு உருண்டை. உள்ளே “த” ஒளிந்திருக்கின்றது. அச்செடி புணரிகளை ஆக்கும்போது இரு காரணிகளும் பிரிந்து, பாதிப் புணரிகளுக்கு “உ”வும் பாதிப் புணரிகளுக்கு “த”வும் செல்கின்றன. ஆகவே அடுத்த சந்ததியில் உஉ, உத, தத என்பவை ஒன்றுக்கு இரண்டுக்கு ஒன்று என்ற விகிதத்தில் வருகின்றன. முதலிரண்டு வகையும் பார்வைக்கு உருண்டையாதலின் நாம் காண்பது மூன்றுக்கு ஒன்று.

இது வெறும் ஊகந்தானா? மெண்டல் அதனோடு நின்றாரல்லர். இரண்டாஞ் சந்ததி உருண்டை வித்துகளிலிருந்து 565 செடிகளை வளர்த்துச் சோதித்தார். 193 செடிகள் உருண்டை வித்துகளை மாத்திரமே தந்தன. 372 செடிகள் உருண்டையும் திரங்கியதுமாக இருவகையும் தந்தன. ஒன்றுக்கு இரண்டு என்ற கணக்கு அப்படியே பொருந்தியது. வெளித்தோற்றத்தில் ஒரேமாதிரியான உருண்டை வித்துகளில் மூன்றில் இரண்டு பங்கு ஓர் இரகசியத்தைக் காவிக்கொண்டிருந்தன. இவ்வாறு மறைவாகக் காவுகின்றதைக் “காவி” என்கிறோம். இச்சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மெண்டல் தம் முடிவுகளை 1865 இல் வாசித்தார். 1866 இல் அச்சிட்டார். உலகம் கவனிக்கவில்லை. அவர் 1884 இல் இறந்தார். 1900 ஆம் ஆண்டிலேதான் அறிஞர் மூவர் வெவ்வேறாக அக்கணக்கை மீண்டும் கண்டெடுத்தனர்.

இனி, ஒரு காரணி மற்றதை ஏன் மறைக்கின்றது? ஆட்சியான காரணி வலிமையால் மற்றதை அடக்கிவிடுகிறது என்று மாணவர் பலர் எண்ணுகின்றனர். உண்மை வேறு. உருண்டைக் காரணி, வித்திலே மாப்பொருளை ஆக்க உதவும் ஒரு நொதியத்துக்கான கட்டளை. திரங்கற் காரணி அதே கட்டளையின் பழுதுபட்ட பிரதி. இரண்டு பிரதியும் பழுதாயின் மாப்பொருள் குறைந்து வெல்லம் மிகுகின்றது. வெல்லம் நீரை இழுத்து வித்தைப் பருக்கச் செய்கின்றது. காயும்போது நீர் வெளியேறித் தோல் திரங்குகின்றது. 1990 ஆம் ஆண்டிலே இதனை மூலக்கூற்று அளவிற் கண்டறிந்தனர். ஒரு பிரதி நல்லதாயிருப்பின் போதுமான நொதியம் கிடைத்துவிடும், வித்து உருண்டையாகும். இரண்டு எழுதுவினைஞர் உள்ள கந்தோரில் ஒருவர் வராவிட்டாலும் மற்றவர் வேலையைக் கொண்டுநடத்துவதைப் போன்றது இது. வராதவரை எவரும் அடக்கவில்லை. அவர் வராதது வெளியிலே தெரியவில்லை, அவ்வளவே.

இனி மனிதரிடத்துக்கு வருவோம். ஆனால் ஓர் எச்சரிக்கை. உயரம், நிறம், அறிவு ஆகியன ஒரு பரம்பரையலகினால் அமைவன அல்ல. பல அலகுகளும் உணவும் சூழலும் சேர்ந்து அமைப்பன. நாக்கைக் குழல்போலச் சுருட்டும் திறமையை ஓரலகு இயல்பென்று பல புத்தகங்கள் எழுதின. 1940 இல் அவ்வாறு முதலிற் கூறிய சுற்றேவன்ற் என்னும் அறிஞரே, ஒத்த இரட்டையரிற் கூட ஒருவர் சுருட்டவும் மற்றவர் சுருட்டாதிருக்கவும் கண்ட ஆய்வின் பின்னர், அக்கூற்று நிலைக்காதென 1965 இல் ஒப்புக்கொண்டார். ஆதலின் வீட்டிலே கண்ணாடிமுன் நாக்கைச் சுருட்டிப் பார்த்து, “அப்பாவைப் போல எனக்கு இல்லையே” என்று எந்தப் பிள்ளையும் கலங்க வேண்டியதில்லை.

உண்மையான ஓரலகு இயல்புக்கு உதாரணம் குருதியினம். ஏ, பீ என்னும் இரண்டும் ஆட்சியானவை, ஓ பின்னிடைவானது. தகப்பன் ஏ இனம், தாய் பீ இனம், பிள்ளை ஓ இனம் என்று வைத்தியசாலைத் துண்டிலே எழுதியிருந்தால் வீட்டிற் சந்தேகம் புகுந்துவிடும். புகவேண்டியதில்லை. தகப்பன் “ஏஓ”, தாய் “பீஓ” ஆயின் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பில் பிள்ளை “ஓஓ” ஆகலாம். மெண்டலின் கணக்கை அறியாமையினால் ஒரு பெண்ணின் மானத்தையே ஐயுறுவது எத்துணைக் கொடுமை!

இனி இன்றைய பேச்சின் மையத்துக்கு வருகின்றேன். அது தலசீமியா என்னும் நோய்.

நம் செங்குழியங்களிலுள்ள ஈமோகுளோபின் என்ற புரதமே உடலெங்கும் ஒட்சிசனைக் கொண்டுசெல்கின்றது. அதில் இரண்டு அல்பாச் சங்கிலிகளும் இரண்டு பீற்றாச் சங்கிலிகளும் உள. பீற்றாச் சங்கிலிக்கான பரம்பரையலகு 11 ஆம் நிறமூர்த்தத்தில் இருக்கின்றது. தாய்வழி ஒன்று, தகப்பன்வழி ஒன்று என ஒவ்வொருவரிடமும் இரண்டு பிரதிகள். ஒன்று பழுதாயின் அவர் காவி. அவருடைய செங்குழியங்கள் சற்றே சிறியனவாயிருக்கும். அவர் நோயாளி அல்லர். படிப்பார், விளையாடுவார், உழைப்பார், முதுமைவரை வாழ்வார். பெரும்பாலோர் தாம் காவியென்பதை அறியார். இரண்டும் பழுதாயின் பெருந் தலசீமியா உண்டாகின்றது.

இப்படிப்பட்ட ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். கணவன் மனைவி இருவரும் சுகதேகிகள். முதற்பிள்ளை ஆரோக்கியம். இரண்டாவது பிள்ளையும் பிறக்கும்போது கொழுகொழுவென்று இருக்கின்றது. ஏனெனில் கருவிலுள்ள சிசுவின் ஈமோகுளோபினுக்குப் பீற்றாச் சங்கிலி வேண்டியதில்லை. வேறொரு சங்கிலி அதன் இடத்தில் நிற்கும். பிறந்து சில மாதங்களில் அது குறைந்து பீற்றாச் சங்கிலியின் முறை வருகின்றது. வரவேண்டியது வரவில்லை. பிள்ளை வெளிறுகின்றது, பால் குடியாது, வளராது, வயிறு பருக்கின்றது. நாவூறு என்பார் ஒருவர். நூல் கட்டுவார் இன்னொருவர். ஈற்றில் வைத்தியர் நோயின் பெயரைச் சொல்லியதும் மாமி கேட்பாள்: “எங்கள் பரம்பரையில் இப்படி ஒன்று இல்லையே, இவள் எங்கிருந்து கொண்டுவந்தாள்?”

மாணவர்களே, இக்கேள்விக்கு விடை சொல்லவேண்டியவர்கள் நீங்கள். இருவர் கையிலும் ஒவ்வொரு நாணயத்தைக் கொடுங்கள். தலை விழுந்தால் நல்ல பிரதி. பூ விழுந்தால் பழுதுபட்ட பிரதி. இரண்டு நாணயத்தையும் ஒன்றாகச் சுண்டுங்கள். இரண்டும் பூவாக விழுந்தாற்றான் நோய். ஒருத்தியின் நாணயம் மாத்திரம் எத்தனை முறை பூ விழுந்தாலும் அந்நோய் வராது. தாய் கொடுத்தது பாதியாயின் தகப்பன் கொடுத்தது மற்றப் பாதி. ஆகவே “இவள் கொண்டுவந்தாள்” என்பது கணக்கிலே பிழை.

“எங்கள் பரம்பரையில் இல்லை” என்பதும் பிழை. மறைந்திருந்தது, இல்லாமல் இருக்கவில்லை. காவியர் இருவர் மணந்து இரண்டு பிள்ளைகள் பெறுவாராயின், அத்தகைய 16 குடும்பங்களில் 9 குடும்பங்களில் நோயுற்ற பிள்ளை பிறக்காமலே போகலாம் என்பது கணக்கு. காவியொருவர் காவியல்லாதவரை மணந்தால் பிள்ளைகளுக்குப் பெருந் தலசீமியா வராது. ஆனால் பழுதுபட்ட பிரதி பாதிப் பிள்ளைகளுக்குப் போகலாம். இவ்வாறு அது பல தலைமுறைகள் ஓசையின்றி நடந்துவரும்.

இன்னொரு மயக்கத்தையும் நீக்கவேண்டும். நான்கில் ஒன்று என்றால், ஒரு பிள்ளைக்கு நோய் வந்துவிட்டது, அடுத்த மூவரும் தப்புவர் என்று சிலர் ஆறுதல் கொள்கின்றனர். நாணயத்துக்கு ஞாபகம் இல்லை. ஒவ்வொரு பிள்ளைக்கும் வாய்ப்பு புதிதாக நான்கில் ஒன்றே. நம்பாதவர் இன்றிரவு இரண்டு நாணயங்களை நாற்பது முறை சுண்டி எழுதிப் பாருங்கள். பூவும் பூவும் சேர்ந்தது பத்து முறையை ஒட்டி வரும்; ஆனால் ஒன்றன்பின் ஒன்றாக இரு முறை வருவதையும் காண்பீர்கள்.

பெருந் தலசீமியா உடைய பிள்ளையின் வாழ்வு எத்தகையது? மூன்று நான்கு கிழமைகளுக்கு ஒருமுறை குருதி ஏற்றவேண்டும், ஆயுள் முழுவதும். ஏற்றும் குருதியோடு இரும்பும் உடலிற் சேர்ந்து இருதயத்தையும் ஈரலையும் கெடுக்கும். அதனை வெளியேற்ற ஒரு மருந்தைத் தோலின்கீழ் ஊசியாலே இரவிரவாகச் செலுத்துவர். வாயால் உட்கொள்ளும் மருந்துகளும் இப்போது உண்டு. பொருத்தமான என்பு மச்சை கிடைத்து மாற்றப்பட்டாற் குணமாகலாம். அது எல்லார்க்கும் கிட்டுவதன்று. நன்கு சிகிச்சை பெற்ற பிள்ளைகள் வளர்ந்து படித்துத் தொழில் பார்க்கின்றனர் என்பதையும் சொல்லவேண்டும். நம் நாட்டிலே குருநாகல் போதனா வைத்தியசாலையில் இந்நோய்க்கெனத் தேசிய நிலையமே இயங்குகின்றது. இலங்கையரில் நூற்றுக்கு ஏறக்குறைய இருவர் காவியர். மாவட்டத்துக்கு மாவட்டம் இது வேறுபடும். ஈமோகுளோபின் ஈ என்னும் இன்னொரு மாற்றமும் நம் நாட்டில் உண்டு. ஒருவர் அதையும் மற்றவர் பீற்றாத் தலசீமியாவையும் காவினாலும் பிள்ளை நோயுறலாம்.

இங்கே சொந்தத்தில் மணம்முடித்தலைப் பற்றி ஒரு வார்த்தை. மச்சான் மச்சாள் முறை நம் வழக்கம். அதைப் பழிக்க நான் வரவில்லை. கணக்கை மாத்திரம் சொல்கின்றேன். ஒரு பாட்டி காவி என்று வைப்போம். அவள் பிள்ளை காவியாக இருக்கும் வாய்ப்பு இரண்டில் ஒன்று. பேரப்பிள்ளைக்கு நான்கில் ஒன்று. அவளுடைய மகனின் பிள்ளையும் மகளின் பிள்ளையும் மணந்தால், இருவரும் காவியராக இருக்கும் வாய்ப்பு 16 இல் ஒன்று. அதே பேரப்பிள்ளை பிறத்தியில் மணந்தால், நூற்றுக்கு இருவர் என்ற கணக்கின்படி, அது 200 இல் ஒன்று. இப்பெரிய வேறுபாட்டை அறிந்தும் சொந்தத்தில் மணம் பேசுவோர், மணத்துக்கு முன்னர் குருதியைச் சோதிப்பது கடமை அல்லவா?

சோதனை பெரிய காரியமன்று. சிறிதளவு குருதி போதும். செங்குழியங்களின் பருமனும் அவற்றிலுள்ள ஈமோகுளோபினின் அளவும் பார்க்கப்படும். இரும்புக் குறைவினாலும் செங்குழியம் சிறுக்குமாதலின், ஐயமிருந்தால் ஈமோகுளோபின் வகைகளைப் பிரித்தறியும் இரண்டாஞ் சோதனை செய்வர். நாம் சாத்திரியாரிடம் சாதகக் குறிப்புகளைக் கொண்டுபோய்ப் பத்துப் பொருத்தம் பார்க்கின்றோம். அத்துடன் குருதித் துண்டு ஒன்றையும் வைத்துப் பதினோராவது பொருத்தம் பார்ப்பதில் என்ன குறைந்துவிடும்?

சைப்பிரசுத் தீவிலே நடந்ததைக் கேளுங்கள். அங்கே தலசீமியா மிகுதி. ஏறக்குறைய ஏழு பேரில் ஒருவர் காவி. 1970 களிலே மக்களுக்கு இதனை விளக்கிச் சோதிக்கத் தொடங்கினர். 1983 இல் அத்தீவின் திருச்சபை, மணம்முடிக்க வருவோர் சோதனை செய்து ஆலோசனை பெற்றதற்கான பத்திரம் கொண்டுவரவேண்டும் என்றது. காவியர் இருவர் மணக்கக்கூடாதென்று அது தடுக்கவில்லை. அறிந்து மணக்கும்படி கேட்டது. இதன்பின் அங்கே அந்நோயுடன் பிறக்கும் பிள்ளைகளின் தொகை மிகவும் அருகிவிட்டது. ஒரு சமய நிறுவனம் செய்த காரியம் இது. நம் ஆலயங்களும் நம் சங்கங்களும் இதனைச் செய்யலாகாதா?

இவ்விடத்திலே வினைப்பயனைப் பற்றிச் சிலர் கேட்பீர்கள். நானும் சைவ வீட்டிற் பிறந்தவன். வினையை மறுக்க இம்மேடைக்கு வரவில்லை. ஆனால் வினை என்னும் கொள்கை, நான் என் நடையைத் திருத்திக்கொள்வதற்காகத் தரப்பட்டது. அடுத்த வீட்டுத் தாயின் கண்ணீருக்குக் காரணம் கற்பிப்பதற்காக அன்று. நோயுற்ற பிள்ளையைக் கண்டு “முற்பிறப்பிற் செய்தது” என்று கூறிக் கடந்துபோகின்றவன் சமயவாதி அல்லன். அப்பிள்ளைக்கு ஒரு போத்தல் குருதி கொடுக்கின்றவனே சமயவாதி.

காவியரை இழிவாக எண்ணுவதும் பிழை. பழுதென்று நாம் அழைக்கும் இவ்வலகு முற்காலத்திலே கவசமாகவும் இருந்தது. மலேரியா மிகுந்திருந்த நாடுகளிலேயே தலசீமியாவும் மிகுந்திருப்பதை நோக்கி, காவியருக்கு மலேரியாவிலிருந்து பாதுகாப்பு உண்டென 1949 இல் ஹோல்டேன் என்னும் அறிஞர் ஊகித்தார். பின்னாளில் இந்தியாவிற் குடியேறி 1964 இல் புவனேசுவரத்தில் மறைந்தவர் இவர். இலங்கையில் 1934, 35 ஆம் ஆண்டுகளின் மலேரியாக் கொள்ளைநோய் ஏறக்குறைய 80,000 பேரைக் கொண்டுபோயிற்று. 2016 இல் நம் நாடு மலேரியா அற்ற நாடெனச் சான்று பெற்றது. யுத்தம் முடிந்துவிட்டது, கவசத்தின் பாரம் மாத்திரம் தோளில் இருக்கின்றது. அதைச் சுமப்பவரைப் பழிக்கலாமா? உண்மையில் நம்முள் ஒவ்வொருவரும் ஏதோ சில பழுதுபட்ட பிரதிகளை அறியாமலே காவிக்கொண்டிருக்கின்றோம். இந்த மண்டபத்திலே “நான் குறையற்றவன்” என்று எழுந்து சொல்லத்தக்கவர் ஒருவருமில்லை. சொற்பொழிவாளனும் அதற்கு விலக்கல்லன்.

மாணவச் செல்வங்களே, உங்களிடம் நான் வேண்டுவன மூன்று. நாணயக் கணக்கை இன்று உங்கள் தாய்க்கும் பாட்டிக்கும் விளக்குங்கள். உரிய வயது வந்ததும் முகூர்த்தத்துக்கு நாள் வைக்குமுன்னர் உங்கள் குருதியைச் சோதித்துக்கொள்ளுங்கள். பதினெட்டு வயது நிறைந்ததும் குருதிக்கொடை செய்யுங்கள்.

தொடக்கத்திற் கூறிய பழமொழிக்கு மீண்டும் வருகின்றேன். நூலைப் போலச் சேலை என்றவர் நெசவறியாதவர் அல்லர். தறியிலே நீளவாட்டில் ஓடுவது பாவு. குறுக்கே ஓடுவது ஊடு. இரண்டும் சேர்ந்தாற்றான் சேலை. ஓரிடத்தில் இழை நைந்திருந்தாலும் மற்ற இழை தாங்கும்; இரண்டும் ஒரே இடத்தில் நைந்தாற்றான் கிழியும். கிழிந்த இடத்தைக் காட்டிப் பாவை மாத்திரம் ஏசுவது நெசவாளருக்கு அழகன்று. பழமொழியை விட்டுவிட வேண்டாம்; தாயைப் போலவும் தகப்பனைப் போலவும் பிள்ளை என்று நிறைவாக்கிச் சொல்லுங்கள்.

எல்லாம்வல்ல இறைவன் நம் இளைஞர்க்கு அறிவையும் இரக்கத்தையும் ஒருங்கே அருள்வானாக.